பழைய பிக்கப்பில் பவர் பிரேக்: எந்த வண்டிக்கு எந்த பூஸ்டர்?

வாரம் முழுக்கப் புது காரை ஓட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஐம்பது வருடப் பழைய பிக்கப்பில் ஏறி உட்கார்ந்தால் முதல் சிக்னலிலேயே வித்தியாசம் தெரிந்துவிடும். காரில் காலை வைத்தாலே நிற்கிறது. இதில் சீட்டை விட்டு எழுந்து மிதிக்க வேண்டியிருக்கிறது. வண்டி நிற்காமல் இல்லை. ஆனால் நின்ற பிறகு தொடை நடுங்குகிறது. அன்றைக்கு ராத்திரியே பவர் பிரேக் தேட ஆரம்பித்துவிடுகிறோம்.

வழிகள் நாலைந்து இருக்கின்றன. இன்ஜின் உறிஞ்சும் வேக்குவத்தில், அதாவது வெற்றிடத்தில் இயங்கும் பூஸ்டர் ஒன்று; மிதிக்குப் பலம் கூட்டும் பெட்டிதான் பூஸ்டர். பவர் ஸ்டீரிங் பம்ப்பின் ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ரோபூஸ்ட் ஒன்று. மின்சாரத்தில் ஓடுவது ஒன்று. பெடலையே தொடாமல் பிரேக் லைனுக்கு நடுவில் மாட்டும் ரிமோட் பூஸ்டர் ஒன்று. இவற்றோடு யாரும் கணக்கில் சேர்க்காத இன்னொரு வழியும் உண்டு: பூஸ்டரே போடாமல், இருக்கிற மேனுவல் பிரேக்கை ஒழுங்குபடுத்துவது. நான் அங்கிருந்துதான் தொடங்கப் போகிறேன். பாதிப் பேருக்கு அதுவே போதும் என்பது என் எண்ணம்.

அதற்கு முன் ஒரு விஷயம். பூஸ்டர் போட்டதால் மட்டும் வண்டி குறைந்த தூரத்தில் நின்றுவிடாது. இப்போதே ஏறி மிதித்தால் சக்கரங்கள் லாக் ஆகின்றன என்றால், டயர் தாங்கும் அளவு பிடிப்பை நீங்கள் ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள். பூஸ்டர் அதே நிறுத்தத்தைப் பாதிக் கால்பலத்தில் முடித்துக்கொடுக்கும், அவ்வளவுதான். மற்றபடி, வண்டி ஒரு பக்கம் இழுப்பது, நீண்ட இறக்கத்தில் சூடேறிப் பிடிப்பு விட்டுப்போவது, மிதித்துப் பிடித்தால் பெடல் மெல்ல இறங்குவது எல்லாம் வேறு நோய்கள். இழுப்பதற்குக் காரணம், சக்கரத்தில் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் இறுகியதோ, டிரம்மில் உரசிப் பிடிக்கும் ஷூவில் எண்ணெய் பட்டதோ இருக்கலாம். பெடல் தானாக இறங்கினால் பெரும்பாலும் மாஸ்டர் சிலிண்டருக்குள், அதாவது மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் போயிருக்கும். அதன் மேல் பூஸ்டரை மாட்டினால் பழைய கோளாறு இன்னும் வேகமாக வெளியே வரும்.

பூஸ்டர் இல்லாமலே

பிரேக் பெடல் என்பது ஒரு நெம்புகோல். மேலே அது தொங்கும் அச்சிலிருந்து நீங்கள் மிதிக்கும் இடம் வரை 12 இன்ச், அச்சிலிருந்து மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும் தண்டு மாட்டிய இடம் வரை 2 இன்ச் என்று வையுங்கள். பன்னிரண்டை இரண்டால் வகுத்தால் ஆறு. இதைத்தான் 6:1 பெடல் ரேஷியோ என்கிறார்கள். மேனுவல் பிரேக் வண்டிகளில் ஏறக்குறைய இந்த அளவு இருக்கும். 100 பவுண்டு, அதாவது சுமார் 45 கிலோ பலத்தோடு மிதித்தால் தண்டு 600 பவுண்டு பலத்தோடு தள்ளும்.

இனி அந்த 600 பவுண்டு எவ்வளவு அழுத்தமாக மாறும் என்பது மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டத்தைப் பொறுத்தது. 1 இன்ச் போர் என்றால் பரப்பு 0.785 சதுர இன்ச். லைனில் சுமார் 764 பி.எஸ்.ஐ., அதாவது சதுர இன்ச்சுக்கு 764 பவுண்டு அழுத்தம் கிடைக்கும். 1-1/8 இன்ச் போர் என்றால் அதே மிதிக்கு 604தான். 7/8 இன்ச் என்றால் 998. கவனியுங்கள், கால் ஒன்றுதான், பெடல் ஒன்றுதான். சிலிண்டரின் விட்டத்தை கால் இன்ச் குறைத்ததும் அழுத்தம் அறுபது சதவீதத்துக்கு மேல் ஏறிவிடுகிறது. மனக்கணக்கில் நம்ப முடியாததால் நான் முதல் முறை கால்குலேட்டரில் இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன்.

சும்மா கிடைக்கிற லாபம் இல்லை இது. சின்ன சிலிண்டர் குறைவான ஆயிலைத்தான் தள்ளும். 1-1/8 இன்ச் சிலிண்டர் ஒரு இன்ச் நகர்ந்து தள்ளும் ஆயிலை 7/8 இன்ச் சிலிண்டர் தள்ள, 1.65 இன்ச் நகர வேண்டும். 6:1 பெடலில் அதற்கு உங்கள் கால் கிட்டத்தட்ட பத்து இன்ச் இறங்க வேண்டும், தரை இடித்துவிடும். பெரிய காலிப்பர் (டிஸ்க்கைப் பேடால் கவ்விப் பிடிக்கும் பாகம்) போட்ட வண்டிக்கு 7/8 இன்ச் பெரும்பாலும் பத்தாது. 15/16 அல்லது 1 இன்ச் நடுவாந்தரமாக ஒத்துவரும்.

நண்பர் ஒருவரின் பிக்கப்பில் இதைக் கண்ணாரப் பார்த்தேன். முந்தைய உரிமையாளர் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் போட்டிருந்தார். நல்ல வேலைதான். ஆனால் மாஸ்டர் சிலிண்டரை மட்டும் பவர் பிரேக் கார் ஒன்றிலிருந்து கழற்றி மாட்டியிருக்கிறார், 1-1/8 இன்ச். பூஸ்டர் கிடையாது. பெடல் கருங்கல் மாதிரி இருந்தது. நண்பர் பூஸ்டர் வாங்கக் கிளம்பிவிட்டார். 15/16 இன்ச் சிலிண்டர் மாட்டிப் பார்ப்போம் என்று பிடித்து நிறுத்தினோம். அதே மிதிக்கு 604-க்குப் பதில் 870 பி.எஸ்.ஐ. அளவுக்கு அழுத்தம். பெடல் கொஞ்சம் கூடுதலாக இறங்கியது, ஆனால் வண்டி நின்றது. இன்றுவரை அதில் பூஸ்டர் இல்லை.

டிஸ்க் ஏன் இவ்வளவு அழுத்தம் கேட்கிறது என்று தெரிந்துகொண்டால் முடிவெடுப்பது சுலபம். டிரம் பிரேக்குக்கு ஒரு குணம் உண்டு. சுழலும் டிரம், ஷூவைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போய், ஆப்பு இறுகுவதுபோல அதை இன்னும் தன் மேலேயே அழுத்திக்கொள்ளும். பாதி வேலையைச் சக்கரமே செய்துவிடுகிறது. டிஸ்க்குக்கு அந்த உபகாரம் கிடையாது. பேடைப் பிடிக்கும் பலம் முழுக்க லைனில் வரும் அழுத்தத்திலிருந்தே வரவேண்டும். அதனால்தான் டிரம்மிலிருந்து டிஸ்க்குக்கு மாறியவர்கள் திடீரென்று பூஸ்டர் தேடுகிறார்கள். நான்கு சக்கரத்திலும் டிரம், பளு ஏற்றுவதில்லை, ஓட்டுபவருக்குக் கால் வலியும் இல்லை என்றால் மேனுவலையே வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். ஷூ, டிரம் இடைவெளியைச் சரியாக அட்ஜஸ்ட் செய்து, பழைய ரப்பர் ஹோஸ்களை மாற்றிவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பார்த்த பிறகு முடிவெடுக்கலாம். ஹோஸ் வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே வீங்கி அடைத்திருக்கும்.

வேக்குவம் பூஸ்டர்

பெரும்பாலானோர் கடைசியில் வந்து சேரும் இடம் இது. வட்டமான தகரப் பெட்டி, நடுவில் ஒரு ரப்பர் திரை. பிரேக் மிதிக்காதபோது திரையின் இரு பக்கமும் இன்ஜின் உறிஞ்சிய வெற்றிடம். மிதித்ததும் பெடல் பக்கம் ஒரு வால்வு திறந்து வெளிக்காற்றை உள்ளே விடுகிறது. ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் வெற்றிடம். திரை முன்னால் தள்ளப்பட்டு, அதோடு மாஸ்டர் சிலிண்டரும் தள்ளப்படுகிறது.

எவ்வளவு தள்ளும்? சாதாரண இன்ஜின் ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது, 18 இன்ச் பாதரச அளவு வேக்குவம் தரும். அது ஒரு சதுர இன்ச்சுக்கு ஒன்பது பவுண்டுக்குச் சற்றுக் குறைவு. 8 இன்ச் பூஸ்டரின் திரைப் பரப்பு 50 சதுர இன்ச். அதாவது காகிதக் கணக்கில் 440 பவுண்டு உதவி. 7 இன்ச்சில் இரண்டு திரை அடுக்கியது என்றால் 77 சதுர இன்ச், 680 பவுண்டு. 11 இன்ச் ஒற்றைத் திரை என்றால் 95 சதுர இன்ச், 840 பவுண்டு. உள்ளே இருக்கும் வால்வும் ஸ்பிரிங்கும் கொஞ்சம் எடுத்துக்கொள்வதால் நிஜத்தில் இதைவிடக் குறையும். ஆனாலும் ஒப்பிட இந்த எண்கள் போதும். முன்னால் பெரிய டிஸ்க் போட்ட பிக்கப்புக்கு 8 இன்ச் ஒற்றைத் திரை ஏன் பத்துவதில்லை என்பதும் இதில் தெரிந்துவிடும்.

இடம் இருந்தால் 11 இன்ச்சோ, 8 அல்லது 9 இன்ச் இரட்டைத் திரையோ போடுங்கள். பிக்கப்பின் இன்ஜின் அறை விசாலமானது என்று நம்பிக் கடைக்குப் போகாதீர்கள். வால்வு கவர் எங்கே முடிகிறது, கிளட்ச் இணைப்பு எங்கே போகிறது, ஸ்டீரிங் காலம் எப்படி இறங்குகிறது என்று அட்டையில் பூஸ்டர் அளவுக்கு வட்டம் வெட்டி வைத்துப் பாருங்கள். அகலமான வி8 இருந்தால் 7 இன்ச் இரட்டைத் திரைதான் நுழையும். பூஸ்டரும் மாஸ்டர் சிலிண்டரும் சேர்ந்து முன்னால் எவ்வளவு நீளும் என்பதையும் பார்க்க வேண்டும். ஹூடை மூடும்போதுதான் பலருக்கு அது ஞாபகம் வருகிறது.

அடுத்தது, கிட் விற்பவர்கள் சத்தமாகச் சொல்லாத பெடல் ரேஷியோ. பவர் பிரேக்குக்கு வழக்கமாக 4:1 அல்லது அதை ஒட்டிய அளவுதான். 6:1 பெடலில் அப்படியே பூஸ்டரைக் கோர்த்தால் இரண்டு கஷ்டம். மாஸ்டர் சிலிண்டர் ஒரு இன்ச் நகர உங்கள் கால் ஆறு இன்ச் போகவேண்டும். தொட்டால் சுருங்கி மாதிரி லேசாக மிதித்தாலே தலை முன்னால் போகும்படி நிற்கும். பல பெடல் தண்டுகளில் இதற்காகவே இரண்டு துளைகள் இருக்கும்; அச்சுக்குப் பக்கத்தில் இருப்பது மேனுவலுக்கு, கீழே இருப்பது பவருக்கு. இல்லாவிட்டால் துளை போடவோ, பவர் பிரேக் வண்டியின் பெடலைத் தேடி மாட்டவோ வேண்டும். துளையை இறக்கினால் தண்டின் உயரமும் இறங்கும். பூஸ்டரையும் அதற்கேற்ற பிராக்கெட்டில் இறக்காவிட்டால் தண்டு கோணலாகத் தள்ளி, சிலிண்டரை ஒரு பக்கமாகத் தேய்க்கும்.

சரி, 4:1-க்கு மாற்றி, 1-1/8 இன்ச் சிலிண்டரும் போட்டாயிற்று. 50 பவுண்டு மிதித்தால் தண்டில் 200 பவுண்டு, பூஸ்டர் சேர்ப்பது 440, மொத்தம் 640. லைனில் 644 பி.எஸ்.ஐ. அரைவாசி மிதியில் பழைய மேனுவலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம். இப்போது ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் நின்று, பூஸ்டருக்குள் இருந்த சேமிப்பும் தீர்ந்துவிட்டது என்று வையுங்கள். நூறு பவுண்டு மிதித்தாலும் தண்டில் 400தான். லைனில் 402 பி.எஸ்.ஐ. நேற்றுவரை இதே கால் 764 கொடுத்துக்கொண்டிருந்தது. பூஸ்டர் செத்த பவர் பிரேக், பூஸ்டரே இல்லாத மேனுவல் பிரேக்கைவிட மோசம். இதை மனதில் வைத்துக்கொண்டு ரேஷியோவையும் போரையும் தேர்ந்தெடுங்கள். நான் பெரும்பாலும் 1-1/8 இன்ச்சுக்குப் பதில் 1 இன்ச் சிலிண்டரையே விரும்புவேன். பெடல் கொஞ்சம் மென்மையாக இறங்கும், ஆனால் கெட்ட நேரத்தில் 500 பி.எஸ்.ஐ.யாவது மிஞ்சும்.

வேக்குவம் பூஸ்டருக்கு முழு உணவும் இன்ஜினிலிருந்து வரவேண்டும். கிட் வாங்கும் முன் வேக்குவம் கேஜை இன்ஜினுக்குக் காற்று போகும் மேனிஃபோல்டில் மாட்டி, இன்ஜின் சூடான பிறகு ஐடிலில் ஊசி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஆட்டோமேட்டிக் கியர் என்றால் டிரைவில் போட்டுப் பார்க்கவேண்டும். 18-க்கு மேல் என்றால் கவலையில்லை. 15, 16 என்றால் பெரிய பூஸ்டராகப் போட்டுச் சமாளிக்கலாம். 12-க்குக் கீழே என்றால் இந்த வழியை மறந்துவிடலாம். ரேஸ் கேம் (இன்ஜின் வால்வுகளைத் திறக்கும் தண்டு) போட்டு, ஐடிலில் குதிரை மாதிரி குதிக்கும் இன்ஜின்கள் இந்த ரகம். 11 இன்ச் வேக்குவத்தில் நம் 8 இன்ச் பூஸ்டர் தரும் உதவி 270 பவுண்டாகக் குறைந்துவிடும். முதல் மிதி பரவாயில்லாமல் இருக்கும். நெரிசலில் அடுத்தடுத்து மூன்று முறை மிதித்தால் மூன்றாவது மிதியில் பெடல் மரக்கட்டை. மலைப்பாங்கான இடத்தில் ஓட்டுபவர்கள் இன்னொன்றும் கழிக்க வேண்டும்: உயரம் ஆயிரம் அடி கூடினால் வேக்குவம் ஏறக்குறைய ஒரு இன்ச் குறையும்.

வேக்குவம் போதாதவர்களுக்கு இரண்டு ஒட்டு வேலைகள் சொல்வார்கள். ஒன்று சேமிப்பு டேங்க். அது ஒரு மிதிக்கு இரண்டு மிதி தரும். ஆனால் இன்ஜின் 11 இன்ச்தான் உறிஞ்சும் என்றால் டேங்க்கிலும் 11 இன்ச்தான் நிற்கும். இன்னொன்று மின்சார வேக்குவம் பம்ப். இது நிஜமாகவே வேலை செய்யும், கடகடவென்ற சத்தத்தோடு. டீசல் இன்ஜின் மாற்றியவர்களுக்கும் பம்ப் ஏதாவது ஒன்று கட்டாயம், ஏனென்றால் டீசலில் த்ராட்டிலால் உண்டாகும் வேக்குவம் கிடையாது. ஆனால் பம்ப், சுவிட்ச், ரிலே, டேங்க் என்று கூட்டிக்கொண்டே போனால் செலவும் இடமும் அடுத்த வழியின் வாசலுக்கே வந்துவிடும்.

ஹைட்ரோபூஸ்ட்

பெண்டிக்ஸ் கொண்டுவந்த இந்த அமைப்பு 1970-களிலிருந்து வண்டிகளில் இருக்கிறது. வேக்குவம் இல்லாத டீசல் பிக்கப்புகள், இன்ஜின் அறை நெருக்கமான செவ்ரொலே ஆஸ்ட்ரோ வேன்கள், அகலமான 4.6 லிட்டர் வி8 போட்ட 1996 முதல் 2004 வரையிலான ஃபோர்டு மஸ்டாங் ஜிடி என்று பலவற்றில் கம்பெனியிலிருந்தே வந்தது. பழைய பாகம் தேடுபவர்கள் முதலில் பார்க்கும் வண்டிகளும் இவைதான்.

பவர் ஸ்டீரிங் பம்ப்பிலிருந்து வரும் ஆயில் முதலில் இதற்குள் வந்து, பிறகு ஸ்டீரிங் பெட்டிக்குப் போகும். வேக்குவத்தில் சதுர இன்ச்சுக்கு ஒன்பது பவுண்டை வைத்துக்கொண்டு திண்டாடினோம். பம்ப் ஆயிரம் பி.எஸ்.ஐ.க்கு மேல் தரும். அதனால் பெட்டி கைக்கு அடக்கம். லைன் அழுத்தம் 1,500 பி.எஸ்.ஐ. தாண்டிப் போவது சகஜம். டிரெய்லர் இழுக்கும், லோடு ஏற்றும் பிக்கப்புக்கு இதற்கு நிகர் வேறு இல்லை. கேம் எவ்வளவு முரட்டுத்தனமாக இருந்தாலும் இதற்குக் கவலையில்லை; பெல்ட் சுற்றினால் போதும்.

அப்படியானால் எல்லோரும் இதையே போட்டுவிடலாமே? முதல் தடை, பழைய பிக்கப்பில் பவர் ஸ்டீரிங்கே இருக்காது. பம்ப், அதற்கு பிராக்கெட், கிராங்க்கில் கூடுதல் புல்லி, நல்ல ஹோஸ்கள் எல்லாம் சேரவேண்டும். ஸ்டீரிங்கையும் மாற்றும் எண்ணம் இருந்தால் இரண்டையும் ஒரே மூச்சில் செய்வதுதான் புத்திசாலித்தனம். ஸ்டீரிங் மேனுவலாகவே இருக்கட்டும், பிரேக் மட்டும் பவர் என்பவருக்கு இது கொசுவுக்குப் பீரங்கி.

அப்புறம், குழாய் வேலை. பூஸ்டரிலிருந்து டேங்க்குக்குத் திரும்பும் லைனில் தடை இருக்கக்கூடாது. ஸ்டீரிங் ரிட்டர்ன் லைனோடு டி போட்டுச் சேர்த்தால் எதிரழுத்தம் ஏறி, காலை எடுத்த பிறகும் பிரேக் தானாகப் பிடித்துக்கொண்டே ஓடலாம். பம்ப் டேங்க்கில் இரண்டாவது ரிட்டர்ன் வாய் இருப்பதே சரி. உள்ளே ஓடுவது பவர் ஸ்டீரிங் ஆயில். மாஸ்டர் சிலிண்டரில் இருப்பது பிரேக் ஆயில். ஒன்றுக்குள் இன்னொன்று ஒரு சொட்டு போனாலும் ரப்பர்கள் வீங்கி எல்லாம் பாழ். இரண்டுக்கும் ஒரே புனலைப் பயன்படுத்தும் கை, வொர்க்ஷாப்பில் இருக்கவே கூடாது.

இன்ஜின் நின்றால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு இதில் கொஞ்சம் நல்ல பதில் உண்டு. அக்யுமுலேட்டர் என்ற சின்ன உருளையில் அழுத்தம் சேமித்து வைக்கப்பட்டிருக்கும். இன்ஜின் நின்ற பிறகும் ஒன்றிரண்டு நல்ல மிதி கிடைக்கும். அதற்குப் பிறகு கல்தான். அந்தச் சேமிப்பு ரிப்பேர் செய்பவருக்கு ஆபத்து. லைனைக் கழற்றுவதற்கு முன் இன்ஜினை நிறுத்தி, பெடல் இறுகும்வரை பலமுறை மிதித்து அழுத்தத்தைத் தீர்க்க வேண்டும். இன்னொரு பக்கம், பெல்ட் அறுந்தாலோ ஹோஸ் வெடித்தாலோ ஸ்டீரிங் உதவியும் பிரேக் உதவியும் ஒன்றாகப் போகும், மிஞ்சுவது அந்தச் சேமிப்பில் உள்ள ஒன்றிரண்டு மிதிதான். அதனால் பெல்ட்டை உடையும்வரை ஓட்டும் பழக்கம் உள்ளவர்களுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

மின்சாரம், ரிமோட்

மின்சார பூஸ்டரைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். பாஷ் 2013-இல் தயாரிக்கத் தொடங்கிய ஐபூஸ்டர் இன்று டெஸ்லா, ஹோண்டா வண்டிகளில் இருக்கிறது. விபத்தான கார்களிலிருந்து கழற்றியவை கிடைப்பதால் பழைய வண்டிகளிலும் ஏறத் தொடங்கிவிட்டது. வேக்குவம் வேண்டாம், பம்ப் வேண்டாம், ஒரு தடித்த வயர் போதும். கேட்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு காரின் கம்ப்யூட்டரோடு பேசப் பிறந்த பெட்டியைத் தனியாகப் பிரித்துவந்து ஓட்டுகிறோம். வண்டியில் இன்னும் பழைய டைனமோ இருந்தால் அதன் மின்சாரம் இதற்குப் பத்தாது. பழைய வயரிங்கில் எங்கோ ஒரு எர்த் துருப்பிடித்திருப்பது பழைய பிக்கப்பில் அதிசயமா? மின்மோட்டாருக்கு மாற்றிய பிக்கப் என்றால் இதுதான் இயல்பான தேர்வு, அங்கே வேக்குவமும் இல்லை, பெல்ட்டும் இல்லை. மற்றவர்கள் வயரிங்கை முழுதாக மாற்றிய பிறகு யோசிக்கலாம்.

ரிமோட் பூஸ்டர் பழைய சரக்கு. பெண்டிக்ஸின் ஹைட்ரோவேக் ஒரு காலத்தில் நடுத்தர லாரிகளின் சேஸி சட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் பேரன்கள் இன்றும் கிடைக்கின்றன. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து வரும் அழுத்தத்தை வாங்கி, வேக்குவத்தின் துணையோடு பெருக்கி, சக்கரத்துக்கு அனுப்பும். பெடலைத் தொடவேண்டாம், ஃபயர்வாலை (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகட்டுச் சுவர்) வெட்டவேண்டாம், எங்கே இடமிருக்கிறதோ அங்கே மாட்டலாம். வண்டியின் அசல் தோற்றத்தைக் கெடுக்க மனமில்லாதவர்களுக்கு ஏற்றது. பெடல் 6:1 அப்படியே இருப்பதால் பூஸ்டர் செத்தாலும் மேனுவல் பிரேக் மிஞ்சும். இந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு இதன்மேல் மரியாதை. குறை என்னவென்றால், ஒரு பெட்டி ஒரு சர்க்யூட்டுக்குத்தான். முன், பின் தனித்தனியாகப் பிரித்த வண்டியில் இரண்டு வேண்டும், அல்லது முன்பக்கத்துக்கு மட்டும் போட வேண்டும். காற்றை வெளியேற்றுவதும் பொறுமையைச் சோதிக்கும்.

சிலிண்டர் தரைக்கு அடியில் இருந்தால்

1953 முதல் 1956 வரையிலான ஃபோர்டு எஃப்-100 போன்ற வண்டிகளில் பெடல் தரையைத் துளைத்துக்கொண்டு வரும். மாஸ்டர் சிலிண்டர் கேபினுக்கு அடியில் சட்டத்தில் இருக்கும். ஆயில் பார்க்கத் தரை மூடியைத் திறக்க வேண்டும். இவற்றுக்கு இரண்டு வழி. ஒன்று, சட்டத்திலேயே 7 இன்ச் பூஸ்டர் மாட்டும் பிராக்கெட். சைலன்சர் குழாயின் சூடும் சேறும் படும் இடம் என்பதைத் தவிர பெரிய குறையில்லை. இன்னொன்று, தொங்கும் பெடல் மாட்டி எல்லாவற்றையும் ஃபயர்வாலுக்குக் கொண்டுவருவது. பார்க்கச் சுத்தமாக இருக்கும், வேலை இரட்டிப்பு. ஃபயர்வால் தகடு மெல்லியது; பின்னால் பட்டைத் தகடு வைத்து முட்டுக்கொடுக்காவிட்டால் மிதிக்கும்போது சுவரே முன்னால் வளைந்து, பெடல் பஞ்சு மாதிரி இருக்கும். பிரேக்கில் காற்று இருக்கிறது என்று நினைத்து நாள்கணக்கில் பிளீட் செய்துகொண்டிருப்பார்கள்.

சிலிண்டர் தரைக்கு அடியில்தான் என்றால் அது காலிப்பரைவிடத் தாழ்வாக இருக்கும். ஆயில் தானாகத் திரும்பி வடிந்துவிடும். அதைத் தடுக்க டிஸ்க் லைனில் 2 பி.எஸ்.ஐ., டிரம் லைனில் 10 பி.எஸ்.ஐ. ரெசிடுவல் வால்வு போடுவார்கள். மாற்றிப் போட்டால் டிஸ்க் பேட் உரசிக்கொண்டே ஓடிச் சூடேறும்.

எதைப் போட்டாலும்

அமெரிக்க பிக்கப்புகளில் இரட்டை மாஸ்டர் சிலிண்டர் 1967-ஐ ஒட்டித்தான் வழக்கத்துக்கு வந்தது. அதற்கு முந்தைய வண்டியில் ஒரே சிலிண்டர், ஒரே சர்க்யூட். எங்காவது ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் இல்லை. அப்படிப்பட்ட வண்டியில் பூஸ்டருக்கு முன் செய்யவேண்டிய செலவு இரட்டைச் சிலிண்டர்தான். பூஸ்டர் காலுக்குச் சுகம், இது உயிருக்கு. பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் என்னிடம் யோசனை கேட்கவே வேண்டாம்.

காலி பிக்கப்பின் பின்பக்கம் எவ்வளவு லேசு என்பது ஓட்டியவர்களுக்குத் தெரியும். பூஸ்டர் போட்டதும் பின்சக்கரங்களுக்கும் கூடுதல் அழுத்தம் போகும். பின்னால் டிரம் இருந்தால் முதலில் லாக் ஆவது அதுதான். ஈரச் சாலையில் வண்டியின் வால் முன்னால் வரப் பார்க்கும். செவ்ரொலே சி10 பிக்கப்பில் 1971 முதல் முன்பக்க டிஸ்க் எல்லா வண்டியிலும் வந்தது. அப்படி டிஸ்க்கும் டிரம்மும் கலந்த வண்டியில், பின் டிரம் ஷூ தொடும்வரை முன் டிஸ்க்கைச் சற்றுத் தாமதப்படுத்தவும், பலமாக மிதிக்கும்போது பின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தவும் வால்வு வேண்டும். பின் லைனில் கையால் திருகும் புரபோர்ஷனிங் வால்வு வைத்தால், உங்கள் வண்டியின் எடைக்கு ஏற்ப வைத்துக்கொள்ளலாம். லோடு ஏற்றுபவர் காலி வண்டிக்கு வைத்த அளவிலேயே நிறுத்திவிடுவது நல்லது. லோடு இருக்கும்போது பின்பிரேக் கொஞ்சம் குறைவாக வேலை செய்யும், அவ்வளவுதான். தலைகீழாக வைத்தால் காலி வண்டி பம்பரமாகச் சுற்றும்.

மாட்டும்போது கவனம் வேண்டிய ஓர் அளவு, பூஸ்டரின் முன்தண்டுக்கும் மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனுக்கும் நடுவே உள்ள இடைவெளி. 0.020 இன்ச், அதாவது அரை மில்லிமீட்டர் இருந்தால் சரி. தண்டு நீளமாகிப் பிஸ்டனை அழுத்திக்கொண்டே இருந்தால் ஆயில் திரும்பாமல் பிரேக் தானாக இறுகும், பத்து கிலோமீட்டரில் சக்கரம் புகையும். குட்டையாக இருந்தால் பெடலின் முதல் பாதி வீண். புது மாஸ்டர் சிலிண்டரை வண்டியில் ஏற்றுமுன் வைஸில் பிடித்துக் காற்று எடுத்துவிட்டு மாட்டினால் பாதி நாள் மிச்சம். குழாய் முனைகளை இரண்டு மடிப்பாக விரிக்கும் டபுள் ஃபிளேர்தான் வேண்டும். தண்ணீர்க் குழாய்க்குப் போடும் கம்ப்ரெஷன் இணைப்பு பிரேக் லைனில் வேண்டாம். ஆயில் டாட் 3 அல்லது டாட் 4. சிலிக்கான் ரகமான டாட் 5-ஐ இவற்றோடு கலக்கக்கூடாது. எண் அடுத்தடுத்து இருப்பதால் பலர் ஏமாறுகிறார்கள்.

என் வண்டி என்றால்? நான்கும் டிரம் உள்ள லேசான பிக்கப்பை மேனுவலாகவே விட்டு, இரட்டைச் சிலிண்டர் போடுவேன். முன்னால் டிஸ்க், சாதாரண கேம், 17, 18 இன்ச் வேக்குவம் என்றால் இரட்டைத் திரை பூஸ்டர், 1 இன்ச் சிலிண்டர், 4:1 பெடல். கேம் முரடு, அல்லது டிரெய்லர் இழுக்க வேண்டும், பவர் ஸ்டீரிங்கும் இருக்கிறது என்றால் யோசிக்காமல் ஹைட்ரோபூஸ்ட். அசல் தோற்றம் உயிர் என்பவருக்கு ரிமோட்.

மாட்டி முடித்ததும் சாலைக்குப் போகாதீர்கள். இன்ஜினை அணைத்து, ஐந்தாறு முறை மிதித்து, பெடல் இறுகியதும் காலை அழுத்தியபடியே இன்ஜினைப் போடுங்கள். வேக்குவம் பூஸ்டர் என்றால் பெடல் காலுக்கு அடியில் லேசாக இறங்கும். ஹைட்ரோபூஸ்ட் என்றால் இறங்கி, பிறகு காலை மெல்லத் திருப்பித் தள்ளும். இரண்டும் இல்லையென்றால் உதவி வந்து சேரவில்லை. பிறகு இன்ஜினை நிறுத்தி ஒரு நிமிடம் கழித்து மிதித்தால் ஒன்றிரண்டு மிதியாவது மென்மையாக இருக்க வேண்டும். வேக்குவம் பூஸ்டரில் முதல் மிதியே கல்லென்றால், வேக்குவத்தை உள்ளே பிடித்துவைக்கும் செக் வால்வு பெரும்பாலும் ஒழுகுகிறது.

கடைசியாக, சமதளமான காலி இடத்தில் இன்ஜினை அணைத்து, சேமிப்பை மிதித்துத் தீர்த்துவிட்டு, கியரை நியூட்ரலில் போட்டு, இரண்டு பேரை விட்டு வண்டியை நடை வேகத்தில் தள்ளச் சொல்லி பிரேக்கை மிதித்துப் பாருங்கள். அந்த 400, 500 பி.எஸ்.ஐ. காலுக்கு எப்படி இருக்கும் என்று அங்கே தெரியும். வீட்டில் வேறு யாராவது வண்டியை ஓட்டுவார்கள் என்றால் அவர்களையும் ஒரு தடவை உட்காரவைத்துத் தள்ளுங்கள். அவர்களால் நிறுத்த முடியவில்லை என்றால் சிலிண்டரை ஒரு அளவு குறைத்து மாட்டிவிட்டு மறுபடி தள்ளுங்கள்.